இழப்பின் பட்டியல்

மனிதன் தன் வாழ்நாளில் செய்யும் காரியங்களிற் பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றைத் தெரிந்தெடுப்பதிலேயே தொடங்குகின்றன. தெரிவு என்றவுடன் நம் மனம் பெறப்போவதை எண்ணி மகிழ்கிறது, விடப்போவதை எண்ணுவதில்லை. ஒன்றைக் கையில் எடுக்கும் அக்கணமே வேறொன்றைக் கைவிடுகிறோம் என்னும் உண்மை எல்லாரும் அறிந்ததே. எனினும் அறிந்தபடி நடப்போர் சிலரே. இவ்வுண்மையை நம் இளைஞர்கள் நாள்தோறும் கையாளும் ஒரு பொருளைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். பலர் கூடி இணையத்தின் வழியாக ஆடும் துப்பாக்கிப் போர் விளையாட்டுகளில், ஆட்டக்காரன் களத்தில் இறங்குமுன் தனக்கென அமைத்துக்கொள்ளும் ஆயுதத் தொகுதியே அப்பொருள். ஆடுவோர் அதனை 'லோட்அவுட்' என்பர்.

இலக்கியமும் ஒழுக்கமும் பேசுதற்குரிய இப்பக்கத்தில் விளையாட்டுத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கட்கு நாம் கூறுவது இது: தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும், வேலையும் பள்ளியும் முடிந்தபின் நம் பிள்ளைகள் பலர் இவ்வாட்டங்களில் அமர்கின்றனர். அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்திற்குச் சென்று பேசாத நீதி, ஆளில்லா மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவாகவே முடியும். அளவுக்கு உட்பட்ட ஒருவன் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும், அவ்வாறு விடுவதால் வரும் இழப்பை யார் தாங்க வேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. இக்கேள்விக்கு வயதுமில்லை, வாசலுமில்லை.

முதலில் பொருளை விளக்குவோம். 2012ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'கால் ஆப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' என்னும் ஆட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் பத்துப் புள்ளிகள் அளிக்கப்பட்டன. பெரிய துப்பாக்கிக்கு ஒரு புள்ளி, இடுப்பிற் செருகும் கைத்துப்பாக்கிக்கு ஒரு புள்ளி, துப்பாக்கியில் பொருத்தும் துணையுறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, எறிகுண்டுக்கு ஒன்று, ஆட்டக்காரனுக்குத் தனித்திறம் அளிக்கும் 'பெர்க்' ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பத்தும் தீர்ந்தால் கடை அடைத்தாயிற்று. பெரிய துப்பாக்கிக்கு இரண்டு உறுப்புகளே பொருத்தலாம் என்பது பொதுவிதி. மூன்றாவது வேண்டுமாயின் 'வைல்ட் கார்டு' என்னும் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அச்சீட்டுக்கும் ஒரு புள்ளி உண்டு. விதியை மீறுதற்கும் விலை உண்டு என்பதை இதனினும் தெளிவாக யார் உணர்த்த வல்லார்? கைத்துப்பாக்கியே வேண்டாம் என்று துறந்தவன், அதனால் மிஞ்சிய புள்ளியை வேறிடத்தில் செலவிட்டான். ஆனால் பெரிய துப்பாக்கியில் தோட்டா தீர்ந்த வேளையில் எதிரி வந்துவிட்டால் அவன் இடுப்பு வெறுமையாயிருந்தது. பெற்றதும் விட்டதும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

2019ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 'மாடர்ன் வார்பேர்' இக்கணக்கை இன்னும் நுட்பமாக்கியது. அதில் 'கன்ஸ்மித்', அதாவது துப்பாக்கிக் கொல்லன், என்றொரு பகுதி உண்டு. எம்4ஏ1 போன்ற 'அசால்ட் ரைபிள்' ஒன்றை ஆட்டக்காரன் அங்கே தன் விருப்பப்படி மாற்றியமைக்கலாம். குழல், குழலின் முனை, முன்கைப்பிடி, தோட்டாக்கூடு, தோளில் ஊன்றும் கட்டை, குறிக்கண்ணாடி என மாற்றத்தக்க இடங்கள் பல இருந்தும், ஐந்துக்கு மேல் பொருத்த இயலாது. ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் அதனால் வரும் நன்மை ஒரு பட்டியலாகவும், வரும் குறை மற்றொரு பட்டியலாகவும் எழுதப்பட்டிருக்கும். நீண்ட குழல் பூட்டினால் தோட்டா நெடுந்தூரம் வலிமை குன்றாது செல்லும்; ஆனால் துப்பாக்கியை உயர்த்திக் குறிபார்க்கத் தாமதமாகும். அறுபது தோட்டாக் கூடு மாட்டினால் அடிக்கடி நிரப்ப வேண்டுவதில்லை. ஆனால் கால்கள் கனக்கும், நிரப்பும்போது நேரமும் கூடும். தோட்கட்டையைக் கழற்றி எறிந்தால் உடம்பு இலேசாகும். ஆனால் சுடும்போது துப்பாக்கி உதைத்துக் குறி கலையும். சத்தத்தை அடக்கும் முனையைப் பூட்டினால் ஒளிந்து சுடலாம். அதற்கும் குறிபார்க்கும் விரைவிற் சிறிது கொடுக்க வேண்டும்.

இத்தகைய துப்பாக்கியைக் கண்ணுக்கு உயர்த்தப் பிடிக்கும் நேரம் ஏறத்தாழக் கால் விநாடி. அக்கால் விநாடியிற் சிறு பகுதி கூடுவதும் குறைவதுமே, முன்னே எதிர்ப்பட்ட இருவருள் யார் நிற்பவர், யார் வீழ்பவர் என்பதைத் தீர்த்துவிடும். எனவே இழப்புப் பட்டியலை வெறும் சடங்காக எழுதியதென்று கருதலாகாது.

மற்றொன்றும் காண்க. அதே ஆட்டத்தில் 'கோஸ்ட்' என்னும் பெர்க்கை எடுத்தவன், எதிரியின் ஆளில்லா வேவு விமானத்தின் கண்ணுக்குத் தப்புவான். 'ஓவர்கில்' என்பதை எடுத்தவன் இரண்டு பெரிய துப்பாக்கிகளைச் சுமக்கலாம். இவ்விரண்டும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன; அவ்வரிசையில் ஒன்றுதான் எடுக்கலாம். வலிமையும் வேண்டும், மறைவும் வேண்டும் என்பவனுக்கு, ஒரே தொகுதியில் இரண்டும் கிடையா என்று ஆட்டமே கையை விரித்துவிடுகிறது. இரு பெருந் துப்பாக்கிகளைத் தூக்கி நடப்பவன் எல்லார் கண்ணுக்கும் தெரிவான். மறைந்து திரிபவன் குறைந்த ஆயுதத்தோடு திரிவான். வலிமையைக் காட்டிக்கொண்டே ஆபத்துக்கும் தப்ப எண்ணுவோர் இவ்விளையாட்டின் வெளியேயும் பலர் உளர்.

ஆயின், எல்லாவற்றிலும் சிறந்த லோட்அவுட் என்று ஒன்று உண்டா? உண்டு என்று சொல்பவனிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டுவது, 'யாருக்கு, எந்த இடத்தில்?' என்பதே. குறுகிய அறைகளும் படிக்கட்டுகளும் நிறைந்த களத்தில் நீண்ட குழல் சுமையாகும். நெடுந்தெருவும் மாடிகளும் உள்ள களத்தில் அதுவே துணையாகும். முன்னேறிப் பாய்பவனுக்கு இலேசான கட்டை நன்று. ஓரிடத்தில் நின்று வழியைக் காப்பவனுக்குக் குறி அசையாத கைப்பிடி நன்று. ஆகவே, தன் தொகுதியை அமைக்க விரும்புவோன் முதலில் தன்னைத் தானே சோதிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் எந்தத் தூரத்தில் நின்று சுடுகிறோம்? எதனால் வீழ்கிறோம்? குறிபார்க்குமுன் சுடப்பட்டு வீழ்கிறோமா, குறி கலைந்து வீழ்கிறோமா, தோட்டா தீர்ந்து வீழ்கிறோமா? இக்கேள்விகட்கு விடை கண்டபின், அக்குறையைத் தீர்க்கும் உறுப்பு ஒன்றை மட்டும் மாற்றிச் சில ஆட்டங்கள் ஆடிப் பார்க்க வேண்டும். ஐந்தையும் ஒருங்கே மாற்றுபவனுக்கு, எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் விளங்காது.

நிற்க. இவ்வாறு தன்னை ஆராய்ந்து அமைப்போர் எத்தனை பேர்? இன்று பெருவழக்காயிருப்பது இரவல் தொகுதி. புகழ்பெற்ற ஆட்டக்காரன் ஒருவன் தன் ஐந்து உறுப்புகளை வெளியிட்டால், பல்லாயிரம் பேர் அதை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துக்கொள்கின்றனர். அவ்வேளையில் மேலோங்கி நிற்கும் ஆயுதத்தையும் முறையையும் 'மெட்டா' என்று போற்றுகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய 'வார்ஸோன்' என்னும் ஆட்டத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் புதிய ஆயுதங்கள் சேர்க்கப்பட்டபோது 'டி.எம்.ஆர். 14' என்னும் துப்பாக்கி மற்றவற்றை எல்லாம் விஞ்சி நின்றது. எங்கு நோக்கினும் அதுவே. அடுத்த மாதமாகிய 2021 ஜனவரியில் ஆட்டத்தை ஆக்கியோர் அதன் வலிமையைக் குறைத்தனர். தன் கையின் பழக்கத்தை நம்பியவனுக்கு அதனாற் பெருநஷ்டம் இல்லை. அத்துப்பாக்கியின் பெயரை மட்டும் நம்பியவன், மறுபடியும் யாரேனும் ஒரு பெயர் சொல்வார்களா என்று வாயிலில் நின்றான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 'கற்றவரிடம் கேட்டு நடப்பது குற்றமா? அவர்கள் பல நாள் சோதித்துக் கண்டதை நாமும் முதலிலிருந்து சோதிக்க வேண்டுமா? வைத்தியர் எழுதிய மருந்தை உண்பவன், வைத்திய நூலைக் கற்றபின்தானா உண்கிறான்?' என்று கேட்பர். கேள்வி செவ்விதே. வல்லாரிடம் கற்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் வைத்தியர் நாடி பார்த்து நமக்கென எழுதிய மருந்து வேறு. அடுத்த வீட்டுக்காரன் சீட்டை வாங்கிப் பெயர்த்த மருந்து வேறு. வல்லவன் தோட்கட்டையைக் கழற்றினான் எனின், உதைக்கும் துப்பாக்கியை அடக்கும் பழக்கம் அவன் கைக்கு உண்டு; அவ்விழப்பு அவனுக்குச் சிறிது. அதே கட்டையை நேற்று ஆடத் தொடங்கியவன் கழற்றினால் அவ்விழப்பு அவனுக்கு மலை. நன்மைப் பட்டியல் இருவர்க்கும் ஒன்றே. இழப்புப் பட்டியல் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே, ஒருவன் சொன்னதை ஏற்கும்போது அவன் காரணத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். காரணமில்லாமல் பெற்ற அறிவு, பூட்டியபடி வாங்கிய பெட்டியை ஒக்கும்.

அப்பெட்டியை இப்போது விலைக்கும் விற்கின்றனர் என்பதை மறக்கலாகாது. மேற்சொன்ன 2019ஆம் ஆண்டின் ஆட்டத்தில், ஒரு துப்பாக்கியைத் தொடர்ந்து கையாண்டு படிப்படியாக உயர்ந்தாலன்றி அதன் உறுப்புகள் எல்லாம் கிடைப்பதில்லை. எம்4ஏ1 துப்பாக்கிக்கு இத்தகைய படிகள் எழுபதுக்கு மேல் உண்டு. ஆனால் 'புளூபிரிண்ட்' என்று பெயரிட்டு, உறுப்புகள் பூட்டி அலங்கரித்த துப்பாக்கிகளைக் கடையிற் பணத்திற்கு விற்றனர். நேரங் கொடுத்துப் பெறுவதற்குப் பதில் பணங் கொடுத்துப் பெறலாயிற்று. நேரத்தையோ பணத்தையோ கொடுத்தே ஆக வேண்டும். துப்பாக்கியின் குறைகளை ஒளியாமல் எழுதிவைத்த ஆட்டம், இந்தக் குறையை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. எழுபது படி ஏறச் செலவான இரவுகளும், மறுநாட் காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ செல்பவனின் கண்ணெரிச்சலும் அவ்விழப்புப் பட்டியலில் ஆட்டக்காரன் தானே எழுதிக்கொள்ள வேண்டியவை. விளையாடாதே என்று நாம் சொல்ல வரவில்லை. விலை தெரியாமல் வாங்காதே என்கிறோம்.

இதுகாறும் தனி ஒருவனின் தெரிவைப் பற்றியே பேசினோம். இனி, கூடி ஆடுவோரின் தெரிவைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்பது 1999ஆம் ஆண்டில் 'ஹாப் லைப்' என்னும் மற்றோர் ஆட்டத்தின் மாற்றுருவாகத் தோன்றி, அடுத்த ஆண்டில் தனி ஆட்டமாக விற்பனைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு முதல் 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' என்னும் பெயரில் நடக்கிறது. அதன் போட்டி ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐவர். அங்கே ஆயுதத்தைப் புள்ளி கொடுத்து எடுப்பதில்லை. சுற்றுதோறும் ஆட்டப் பணங் கொடுத்து வாங்க வேண்டும். முதற் சுற்றில் ஒவ்வொருவன் கையிலும் 800 டாலர். தாக்கும் பக்கத்தார் விரும்பும் ஏ.கே.47 துப்பாக்கியின் விலை 2,700. மார்புக் கவசமும் தலைக்கவசமும் சேர்ந்து 1,000. ஏ.கே.47 நிமிடத்துக்கு 600 தோட்டா வீதம் சுடும். அதன் கூட்டில் உள்ள முப்பதும் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். ஆனால் தலைக்கவசம் அணிந்தவனையும் தலையில் பட்ட ஒரே தோட்டாவால் பெரும்பாலும் வீழ்த்தும் என்பதால் அதற்கு அவ்வளவு மதிப்பு. வென்ற சுற்றுக்கு மிகுந்த பணமும், தோற்ற சுற்றுக்கு 1,400 முதல் 3,400 வரை படிப்படியாக உயரும் பணமும் வரும்.

தோற்ற பக்கத்தாரிடம் அடுத்த சுற்றுக்குப் போதிய பணம் இராது. அப்போது வல்லோர் ஒரு முறையைக் கையாளுகின்றனர். ஐவரும் ஒருமித்து அச்சுற்றில் பெரிதாக ஒன்றும் வாங்காமல், கைத்துப்பாக்கியோடே சென்று, அனேகமாகத் தோற்பதற்கு இசைகின்றனர். அதற்கடுத்த சுற்றில் ஐவரும் ஒருங்கே நல்ல ஆயுதத்தோடு வருகின்றனர். ஐவருள் ஒருவன், தன்னிடம் மட்டும் 2,700 இருக்கிறது என்று ஏ.கே.47 வாங்கினால் என்ன ஆகும்? அவன் ஒருவன் துப்பாக்கி ஐந்து துப்பாக்கிகட்கு எதிரே நிற்காது. அவன் வீழ்ந்தால் அத்துப்பாக்கி தரையில் விழும். எதிரி அதனை எடுத்துக்கொள்வான். அடுத்த சுற்றில் நால்வர் ஆயத்தமாயிருக்க, இவன் ஒருவன் வெறுங்கையனாய் நிற்பான். தன் தொகுதியைச் சிறப்பித்தவன் தன் கூட்டத்தைக் குன்றச் செய்தான். போதாக்குறைக்குப் பகைவனுக்கு ஆயுதமும் கொடுத்தான். அவன் வாங்கிய துப்பாக்கியிற் குறையில்லை. இழப்பு யார் தலையில் விழும் என்று அவன் பார்க்காததே குறை.

இதற்கு மாறானதும் அங்கே நாள்தோறும் நிகழ்கிறது. பணம் மிகுந்தவன் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி ஒன்றைப் பணமில்லாத தோழன் காலடியிற் போடுகிறான். ஈகை என்று அதற்கு யாரும் பெயரிடுவதில்லை. 'டிராப்' என்ற சிறு சொல்லோடு முடிந்துவிடும். ஆயினும் அதன் அறிவைக் காண்க. ஒருவன் கையில் 16,000 டாலருக்கு மேல் சேர அவ்வாட்டம் இடங்கொடுப்பதில்லை. பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது சேர்த்த பணம் எல்லாம் அழிந்து, மீண்டும் 800 என்றே தொடங்க வேண்டும். பூட்டி வைத்த செல்வம் அங்கே யாருக்கும் பயன்படாமற் போகிறது. தோழனுக்குக் கொடுத்த துப்பாக்கி மட்டுமே, கொடுத்தவனையும் காக்கிறது. எனவே, 'எனக்கு எது சிறந்தது?' என்று தொடங்கிய கேள்வி, 'நம் ஐவருள் யாருக்கு எது தேவை?' என்று வளர்ந்தபின்னரே முழுமை பெறுகிறது. அறம் என்பதும் இவ்வளர்ச்சியே அன்றோ?

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தில் 2,700 டாலர் விலையிட்ட அத்துப்பாக்கி, கற்பனையில் மட்டும் உள்ள பொருளன்று. இரண்டாம் உலகப் போரில் 1941ஆம் ஆண்டு காயமுற்ற சோவியத்துப் போர்வீரர் மிகையில் கலாஷ்னிகோவ், பின்னர் தாமே முயன்று அமைத்தது அது. 1949இல் சோவியத்துப் படை அதனை ஏற்றது. எளிய அமைப்பு, சேற்றிலும் மணலிலும் பழுதாகாமை, எளிதிற் கற்றுக்கொள்ளத்தக்க தன்மை எனும் நன்மைகளின் பட்டியல் உலகெங்கும் பரவியது. அந்நன்மைகளே அதனைப் பற்பல நாட்டுப் போர்களிலும், சிறுவர் கைகளிலுங்கூடச் சேர்த்தன. கலாஷ்னிகோவ் 2013 டிசம்பரில் 94ஆம் வயதில் இறந்தார். அதற்கு முன் ருஷிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர்க்கு அவர் எழுதிய கடிதம் 2014இல் வெளிவந்தது. தாம் ஆக்கிய துப்பாக்கி உயிர்களைப் பறித்தது எனின், அவ்வுயிர்களுக்குத் தாமும் பொறுப்பாளியோ என்னும் தாங்கொணா வேதனையை அதில் அவர் கொட்டியிருந்தார்.

ஆட்டத்தில் உறுப்புதோறும் குறைகள் எழுதப்பட்டுள்ளன. மெய்யான துப்பாக்கிக்கு அவ்வாறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தொண்ணூறைக் கடந்த முதியவர் ஒருவர் தாமே அவ்விழப்பை எழுதத் தொடங்கினார். விளையாட்டில் வீழ்ந்தவன் சில விநாடியில், அல்லது அடுத்த சுற்றில், மீண்டும் எழுவான். உலகில் வீழ்ந்தவன் எழான். இவ்வேற்றுமையை ஆடும் பிள்ளைகட்குச் சொல்லிக் கொடுப்பது பெரியோர் கடமை. திரையைப் பிடுங்குவதால் மட்டும் அது நிறைவேறாது. பக்கத்தில் அமர்ந்து பேசுவதால் நிறைவேறும்.

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை என்பது. ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராய வேண்டுவனவற்றை அதன் முதற் குறள் வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதலில் நிற்பது அழிவு. ஆக்கம் அதன் பின்னரே வருகிறது. பின்னாற் கிடைக்கும் ஊதியம் இறுதியில் நிற்கிறது. வள்ளுவர் இழப்பை முதலில் வைத்தது தற்செயலன்று என்பது எமது அபிப்பிராயம். ஆக்கத்தை முதலிற் கண்டவன் கண் அதிலேயே தங்கிவிடும். பின்னர் அழிவைக் காட்டினாலும் அது சிறிதாகவே தோன்றும்.

ஆகவே இளைஞர்களே, அடுத்த முறை உங்கள் துப்பாக்கிக்கு ஐந்து உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும்போது, இரண்டாம் பட்டியலை முதலில் வாசியுங்கள். அவ்விழப்பு உங்களால் தாங்கத்தக்கதா, அது உங்கள் தலையில் விழுமா, தோழன் தலையில் விழுமா என்று கேளுங்கள். வல்லவன் சொன்னதாயினும் அவன் காரணத்தைக் கேளுங்கள். ஆட்டத்தில் இப்பழக்கம் கைவந்தால், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும், படிப்பையும் தொழிலையும் தெரிந்தெடுக்கும்போதும், தலைவர் ஒருவர் பேச்சைக் கேட்டுக் கைதட்ட எழும்போதும் அது உங்களை விட்டுப் போகாது. அங்கேயெல்லாம் நன்மைகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு நீட்டுவோர் பலர் இருப்பர். இழப்பின் பட்டியலை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.